நடுத்தட்டுக் கோப்பைகள்

எங்கள் புழு வளர்ப்புக் கூடத்தில் என்னைச் சோப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி, கோப்பை, மூடி, இடுக்கி என்று அங்கே இருக்கிற அத்தனையையும் கழுவிக் காயவைப்பது என் வேலை. அந்தப் பெயரில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. காவல்காரரைத் தூக்கம் என்று கூப்பிடுகிறார்கள், அதற்கு இது எவ்வளவோ மேல். நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, கோப்பையக்காவைப் பற்றி. ஆனால் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நடுவில் நானும் வந்து நிற்பேன். ஏனென்றால் அக்கா செய்த காரியத்தால் போக இருந்தது என் வேலை.

நாங்கள் வளர்ப்பது படைப்புழு. கூட்டமாக வந்து வயலையே மொட்டையடித்துவிட்டுப் போகுமே, அதேதான். ஊரே மருந்தடித்துக் கொல்கிற புழுவை நாங்கள் ஏசி போட்டு, இளந்தழை பறித்துப் போட்டு வளர்க்கிறோம். என் வீட்டில் யாருக்கும் ஏசி கிடையாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஏன் வளர்க்கிறோம் என்பதை ஆராய்ச்சி மேடம் எனக்கு ஒருமுறை விளக்கினார். ஒரே தாய் போட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழுக்களை இரண்டு பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கைப் பெரிய பெட்டிகளில் நெருக்கியடித்துப் போடுவார்கள். மறு பங்கை ஆளுக்கொரு கோப்பையில் தனியாக வைப்பார்கள். அதே மக்காச்சோளத் தழை, அதே வெளிச்சம், அதே சூடு. ஆனால் பெட்டியில் வளர்கிறவை கன்னங்கரேல் என்று வரும். கோப்பையில் வளர்கிறவை தழையோடு தழையாகப் பச்சையாக இருக்கும். கறுப்பு ஓடும், முட்டி மோதும், நோய் வந்தாலும் தாக்குப் பிடிக்கும். பச்சை பாட்டுக்கு ஓர் ஓரத்தில் கிடக்கும். இது ஒரே நாளில் நடக்கிற விஷயமில்லை. பழைய தோலை உரித்துவிட்டு அடுத்த தோலோடு வெளியே வரும்போதுதான் நிறம் மாறியிருப்பது தெரியும். அறை குளிர்ந்துபோனாலும் கொஞ்சம் கறுக்குமாம். அதனால் ஏசிப் பக்கம் யாரும் கையை நீட்டக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

பெட்டிகளை மேடம் பார்த்துக்கொண்டார். கோப்பைகளுக்கு அக்கா பொறுப்பு. காலையில் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, ஊசித் துளை போட்ட மூடியைத் திறந்து, படம் வரைகிற பிரஷ் ஒன்றின் நுனியால் புழுவைத் தூக்கி, பழைய தழையையும் கழிவையும் தட்டிவிட்டு, புதுத் தழைத் துண்டை வைத்து, அதன்மேல் புழுவை விட்டு மூட வேண்டும். பிரஷ்ஷை மருந்து நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு அடுத்த கோப்பை. குஞ்சுப் புழு ஒரு நூல்பிசிறு அளவுதான் இருக்கும். கொஞ்சம் அழுத்தினாலும் நசுங்கிப் போகும். அக்காவின் கையில் ஒன்றும் நசுங்கியதில்லை. கூட்டிப் பெருக்கத்தான் அவளை இங்கே முதலில் எடுத்தார்களாம். யாரோ ஓர் அதிகாரி அவள் கையைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு பிரஷ்ஷைக் கொடுத்தாராம். அதற்குள் அவள் புருஷன் போய்ச் சேர்ந்து, பையன் மட்டும் மிச்சம். லாரி ஓட்டுகிறவர், லாரியோடு போனார். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எங்கள் சிநேகிதமெல்லாம் புலம்பலில்தான். வளர்ப்பு அறைக்கும் என் கழுவும் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. காலையில் கை கழுவ அக்கா என் பக்கம் வருவாள். குழாயைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுவாள்.

"தம்பி, இன்னைக்குக் குளியலறை கிடைக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. சம்பந்தி உள்ள போனா வெளிய வரவே மாட்டேங்கறாரு."

"உங்களுக்குச் சம்பந்திக்கா. எனக்கு மச்சான். வேலை தேடறேன்னு வந்தவன், எங்க வீட்டுக் குளியலறையிலதான் தேடிக்கிட்டு இருக்கான்."

"வாசல்ல செருப்பு விட இடமில்ல தம்பி. என் செருப்பைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது."

"எங்க வீட்டுல செருப்பே மாறிப் போச்சுக்கா. பாருங்க, இது ரெண்டும் ஜோடியா?"

இப்படியே போகும். என் வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார், மேலே சொன்ன மச்சான். அவள் வீட்டில் மகன், மருமகள், சன்னலோர இடத்துக்குச் சண்டை போடுகிற பேத்தி, பல் முளைக்கிற வேதனையில் இரவெல்லாம் அழுகிற பேரன், வந்தால் போகத் தெரியாத சம்பந்தி வீட்டார். எண்ணிக்கையில் எப்போதும் அவளுக்குத்தான் ஜெயம். பெருமூச்சு விட்டுக்கொண்டே ஜெயிப்பாள். எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நம்மைவிட நெருக்கடியில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மனசு கொஞ்சம் லேசாகும்.

ஒன்று மட்டும் இடித்தது. அந்தப் பேரனுக்குப் பல் முளைத்துக்கொண்டே இருந்தது. போன மழைக்கும் முளைத்தது, இந்த மழைக்கும் முளைத்தது. எத்தனை பல்லப்பா அவனுக்கு என்று ஒருநாள் தோன்றியது. பிள்ளைகள் விஷயம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்று விட்டுவிட்டேன்.

சொந்தக் கதை எப்போதாவதுதான் வரும். பிறந்த வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளாம். ஒரே பாயில் வரிசையாகப் படுப்பார்களாம். அக்கா நடுவில். "யாரோட காலு என் மேல கிடக்குன்னே தெரியாது தம்பி. குளிர்காலத்துல போர்வையே வேணாம்" என்று சொல்லிவிட்டு ஈரக் கையைத் துடைக்காமலே நின்றுகொண்டிருப்பாள். அது மட்டும் நிஜம் என்று இப்போது தெரிகிறது. கேட்டபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

விவகாரம் நடுத்தட்டில் ஆரம்பித்தது. கோப்பைகள் அடுக்குகிற தாங்கியில் மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று மூன்று. கீழ்த்தட்டில் வெறும் காலிக் கோப்பைகள். மேல்தட்டுக் கோப்பைகளை எழுந்து நின்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு முழங்கால் வலி, அதனால் அவற்றை மளமளவென்று முடித்துவிடுவாள். நடுத்தட்டுக்கு முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கே நிதானமாக இருப்பாள்.

ஒருநாள் மேடம் கோப்பை மூடிகளைத் திறந்து பார்த்தபோது மேல்தட்டில் எல்லாம் பச்சை. நடுத்தட்டில் முதுகெல்லாம் கரி பூசின மாதிரி இருந்தது. பெட்டிப் புழு அளவுக்குக் கறுப்பு இல்லை, ஆனால் பச்சையும் இல்லை. மேடம் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஏசிக் காற்று நேராக நடுத்தட்டில் அடிக்கிறதோ என்று அங்கே வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு தட்டிலும் ஒரே அளவு. விளக்கை மாற்றினார். தழை பறிக்கிற தொட்டிச் செடிகளைப் போய்ப் பார்த்தார். முட்டை கலந்துவிட்டதா என்று யோசித்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார். அக்கா அப்போது என் அறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ட்ரேயை மறுபடி கீழ போட்டீங்களா?"

மறுபடி என்றால், முன்னே ஒருமுறை போட்டிருக்கிறேன். கை வழுக்கி, ஒரு ட்ரே கோப்பைகள் தரையில் கொட்டி, பாதிப் புழு செத்துப்போனது. நானே போய்ச் சொன்னேன், திட்டும் வாங்கினேன். அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் எது உடைந்தாலும் எல்லார் கண்ணும் என் பக்கம்தான் திரும்பும்.

"இல்ல மேடம்."

"பயப்படாம சொல்லுங்க. கீழ விழுந்து, புழு செத்து, பெட்டியிலேருந்து எடுத்து நிரப்பி வச்சுட்டீங்களா? அப்படின்னா அப்படின்னு சொல்லிடுங்க."

"சத்தியமா இல்ல மேடம். போன தடவை போட்டப்போ நான்தானே வந்து சொன்னேன்?"

"பின்ன எப்படி? ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே கிடந்தாத்தான் அதுங்க கறுக்கும். கோப்பையில ஒத்தையா கிடக்கற புழுவை யாரு போய் உரசினது? நீங்களா? நானா?"

மேடத்தின் குரல் உடைந்துகொண்டிருந்தது. ஊரை விட்டு வந்து விடுதியில் தங்கி, இந்தப் புழுக்களோடு இரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிற பெண். என் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். கோபப்படக்கூட எனக்கு வாகாக இல்லை.

"திங்கட்கிழமைக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும் அண்ணே. இல்லேன்னா துறைத் தலைவர்கிட்ட சொல்லி வேற ஆளைப் போடச் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. என்னோட மொத்த வேலையும் போகுது."

அவர் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் அக்காவும் இல்லை. குழாயை மூடாமலே போயிருந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனதில்லை.

அன்று வேலை ஓடவில்லை. ஆறு வாய்க்குச் சாப்பாடு, அதில் ஒரு வாய் மச்சானுடையது. யாரு போய் உரசினது, யாரு போய் உரசினது என்று மேடத்தின் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கோப்பைகளைத் தேய்த்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா நடுத்தட்டுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்தாள், தூக்கினாள், தழை வைத்தாள், விட்டாள், மூடினாள். மளமளவென்று அடுத்தது. பிரஷ் புழுவின் மேல் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நடுத்தட்டை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. தினமும் அந்தக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. கோப்பையைத் திறப்பாள். தழையை மாற்றுவாள். அதற்கப்புறம் பிரஷ்ஷால் அந்தப் புழுவின் முதுகைத் தலையிலிருந்து வால் வரைக்கும் மெல்லத் தடவுவாள். மறுபடி தடவுவாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கிற கை எப்படிப் போகுமோ அப்படிப் போகும். உதடு வேறு அசையும். எனக்குக் கேட்காது. சுத்தம் செய்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சரி, தெரியாமல் செய்துவிட்டாள், வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. மறுநாள் கை கழுவக்கூட என் பக்கம் வராமல் தோட்டத்துக் குழாய்க்குப் போனாள். அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வீடு நிறைய ஆளை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு, ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையா? அவள் தடவிக்கொடுப்பாளாம், என் பிழைப்பு போகுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நேரே அவள் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒருமுறை அக்காவுக்கு மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்த காவல்காரர் தூக்கத்திடம் வழி கேட்டுக்கொண்டேன். கிளம்புகிறபோது மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க?"

"அக்கா வீட்டுக்கு. சண்டை போட."

"வெறுங்கையோடயா? சின்னக் குழந்தைங்க இருக்கற வீடு. சண்டைக்குப் போனாலும் ஏதாவது வாங்கிட்டுப் போகணும்ல."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பேத்திக்கு ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கினேன். பேரனுக்குப் பல் முளைக்கிற பிள்ளைகள் கடிக்கிற ரப்பர் வளையம் ஒன்று, மஞ்சள் நிறத்தில்.

மூன்றாவது மாடி. படி ஏறுகிறபோதே கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். உள்ளே நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. எல்லாரும் இருக்கிறார்கள், எல்லார் முன்னாலும் கேட்கிறேன் என்று கதவுக்கு முன்னால் போய் நின்றேன். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு திரும்பிப் போய் டிவியை அணைத்தாள். நாலைந்து பேரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள்.

"எல்லாரும் எங்கக்கா?"

"வெளிய போயி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கவிழ்த்து வைத்த ஒரு தட்டு. சுவரலமாரியில் எங்கள் கூடத்துக் கோப்பைகள், விரிசல் விட்டதென்று நான் ஒதுக்கிப் போட்டவை, வரிசையாக இருந்தன. ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் பட்டன், ஒன்றில் மாத்திரை. எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து டீ போட்டாள். எனக்குக் கோப்பையில் கொடுத்துவிட்டுத் தனக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டாள். வேறு டீக் கோப்பை அந்த வீட்டில் இல்லை.

வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. கையில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் வைத்தேன்.

"பேரனுக்கு. பல்லு முளைக்குதுன்னு சொன்னீங்களே."

அக்கா அந்த வளையத்தை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"அவன் பள்ளிக்கூடம் போறான் தம்பி."

"எங்க இருக்காங்க?"

நாட்டின் பெயரைச் சொன்னாள். விமானத்திலேயே ஒரு நாள் போகிற தூரம். மகனுக்கு அங்கே வேலையாம். போனில் பேசுவானாம். முன்பெல்லாம் அடிக்கடி, இப்போது நேரம் கிடைக்கிறபோது.

"கடைசியா எப்பக்கா வந்தாங்க?"

"அவனுக்கு முதல் பல்லு வந்துச்சே, அப்போ. ராத்திரியெல்லாம் என் தோள்லயேதான் கிடந்தான்."

அதற்கு மேல் அந்தப் பிள்ளை அவளிடம் வளரவே இல்லை என்று எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் புரிந்தது. செருப்பு மாறிப்போவது, ரேடியோவைக் குறைக்காத கிழவி, குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிப்பது என்று அவள் வீட்டில் நடந்ததாகச் சொன்னதெல்லாம் என் வீட்டில் நடந்தவை. நான் ஒரு வாரம் சொல்லிப் புலம்பியது, அடுத்த வாரம் கொஞ்சம் பெரிதாகி அவளிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. என் வீட்டுக் கூட்டத்தைக் கடன் வாங்கித்தான் அவள் தினமும் என்னை ஜெயித்துக்கொண்டிருந்தாள். டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள்.

"நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும் தம்பி."

"சும்மாதான்கா வந்தேன். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

மாடிப்படி இறங்குகிற வரைக்கும் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகு மேலே டிவி மறுபடியும் பேச ஆரம்பித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்.

"சண்டை போட்டீங்களா?"

"போட்டேன்."

"குழந்தைங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனேன். உள்ளே மச்சான் இருந்தான்.

திங்கட்கிழமை காலை நான் ஒரு முடிவோடுதான் போனேன். மேடம் கேட்டால் தெரியாது என்று சொல்வது, அதற்கப்புறம் நடக்கிறது நடக்கட்டும் என்பது. நான் பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். வழியில் இரண்டு ஓட்டல்களில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று விசாரித்துவிட்டுத்தான் போனேன். கழுவின கோப்பைகளைக் கீழ்த்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார். என்னைப் பார்த்து அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"சோப்பு ஒண்ணும் பண்ணல மேடம். நான்தான் உரசினேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

அக்கா பிரஷ்ஷை எடுத்துத் தன் மணிக்கட்டின் மேல் தடவிக் காட்டினாள். தலையிலிருந்து வால் வரைக்கும் போகிற அதே தடவல்.

"இப்படி. தினமும். மொதல்ல தொட்டா சுருண்டுக்கும். நாலு நாள் போனா பழகிடும், சுருளாது. அதனால கறுக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அன்னைக்கு நீங்க சோப்பைக் கேட்டப்பதான் புரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

மேடம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு முடியால தொட்டுக்கிட்டே இருந்தாக்கூடப் போதும்கா. எப்பவோ யாரோ செஞ்சு பாத்து எழுதி வச்சிருக்காங்க. தொட்டது பிரஷ்ஷா இன்னொரு புழுவான்னு அதுங்களுக்குத் தெரியாது. கூட்டத்துல இருக்கோம்னு நினைச்சுக்கும்." தலையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மொதல்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தூக்கறதுக்கு மட்டும்தான் தொடுவீங்கன்னு நினைச்சுட்டேன். ஏன்க்கா தடவினீங்க? வீட்டுல பேரன் பேத்தின்னு அத்தனை பேர் இருக்காங்க, இங்க வந்து புழுவைப் போய்..."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கோப்பைகளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"வீட்டுல யாரும் இல்ல மேடம். உயிரோட இருக்கற எதையாவது தொடணும்னா நான் இங்கதான் வரணும்."

பெட்டிகளில் கறுப்புப் புழுக்கள் தழையைக் கடிக்கிற சத்தத்தைக்கூட நான் கேட்டேன். மேடம் எழுந்து வந்து அக்காவின் கையைத் தொட்டார், சட்டென்று எடுத்துக்கொண்டார். பழக்கமில்லாத பெண்.

நடுத்தட்டைக் காப்பாற்ற முடியாது. எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்துக் கொன்றுவிட்டு, முட்டையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "நீ கீழ போட்டுடுவே" என்றாள். ஒவ்வொரு ட்ரேயாகத் தானே தூக்கிக்கொண்டு போனாள். கடைசி ட்ரேயை உள்ளே வைத்த பிறகு ஃப்ரீசர் கதவை உடனே மூடவில்லை. குளிர் வெளியே வந்து அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மூடினாள்.

மேடம் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொன்னேன். கேட்டதும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அக்காவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோப்பைகளை இனிமேல் தானே பார்த்துக்கொள்வதாகவும், அக்கா பெட்டிகளைப் பார்க்கட்டும் என்றும் மேடம் சொல்லிவிட்டார். அதைத் தண்டனையாக அவர் சொல்லவில்லை. இரண்டு வருஷ வேலையை மறுபடி பணயம் வைக்க யாராலும் முடியாது. ஆனால் பெட்டி வேலைக்கு பிரஷ்ஷே தேவையில்லை. மூடியைத் திறந்து, ஒரு கை தழையை அள்ளிப் போட்டு, மூட வேண்டியதுதான். உள்ளே அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, தள்ளிக்கொண்டு, கன்னங்கரேல் என்று கிடக்கும். மேலே திறந்து பார்ப்பது யார் என்று அவற்றுக்குக் கவலையில்லை.

"இதுங்களுக்கு நான் எதுக்கு தம்பி?" என்று ஒருநாள் கேட்டாள். பெயர் மட்டும் இன்னும் கோப்பையக்காதான்.

விஷயத்தை என் மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டதும், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றாள். அக்கா வந்தாள். சின்னவன் ஏறி மடியில் உட்கார்ந்தான். நடுப்பிள்ளை வந்து சடை பின்னிவிடச் சொன்னாள். மாமியார் ரேடியோவை இன்னும் சத்தமாக வைத்தாள். மச்சான் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தான். அக்கா எல்லாரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு எல்லாரையும் ஏற்கெனவே தெரியுமே. ஆனால் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டாள். "தலை வலிக்குது தம்பி. ரொம்ப சத்தம்" என்று என் காதோடு சொன்னாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. இவ்வளவு ஏங்கினவள் வந்தால் ஓடுகிறாளே என்று. அப்புறம், தனியாகக் கிடந்து பச்சையாகிப்போனதைப் பெட்டியில் தூக்கிப் போட்டால் அன்றைக்கே கறுத்துவிடுமா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து எப்போது வருவாள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பார்க்கலாம்.

இப்போதெல்லாம் கை கழுவ மறுபடி என் பக்கம்தான் வருகிறாள். புலம்பல் போட்டி நின்றுவிட்டது. நான் என் வீட்டுக் கதையைச் சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள். அந்த மஞ்சள் வளையத்தைத் தன் பையின் வாரில் மாட்டியிருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நேற்றுக் காலை வந்து குழாயைத் திறந்தாள்.

"ராத்திரி பேரன் பேசினான் தம்பி."

"அப்படியா? என்னக்கா சொன்னான்?"

"முன்பல்லு விழுந்துடுச்சாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"பரவாயில்லையே! எப்போ விழுந்துச்சாம்?"

அக்கா இரண்டு கைக்கும் சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.

"போன வருஷம்" என்றாள். "புதுப் பல்லுகூட வந்துடுச்சாம்."